ஒரே பெயர், இரண்டு கார்டுகள்

திருப்பரங்குன்றம் வீட்டில் உள்ள கம்ப்யூட்டருக்குப் பன்னிரண்டு வயது. ஒல்லியான பெட்டி, 240 வாட் பவர் சப்ளை. தனி மின்வயர் கேட்கும் கிராபிக்ஸ் கார்டு (திரையில் படம் வரையும் பாகம்) ஆகாது என்பதால் பழைய ஜிடி 1030 கார்டு ஒன்றை டவுன்ஹால் ரோட்டில் வாங்கினேன். ஒல்லிப் பெட்டியில் கார்டைப் பொருத்தும் அரை உயரத் தகடும் கூடவே கிடைத்தது.

மாட்டினேன், படம் வந்தது. ஆனால் தம்பி மகன் கேம் திறந்தால் காட்சி விக்கி விக்கி நகர்ந்தது. டிரைவரை மூன்று முறை நீக்கிப் போட்டேன். தூசி தட்டினேன், ராம் சேர்த்தேன். நான்கு நாள் வீண்.

கடைசியில் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தேன். நினைவக வகை என்ற இடத்தில் டிடிஆர்4. நினைவகத்தில் தரவு போய்வரும் வேகம் விநாடிக்கு 16.8 ஜிபி. அங்கேதான் பிடிபட்டது. இதே பெயரில் ஜிடிடிஆர்5 நினைவகத்துடனும் கார்டு உண்டு. அதற்கு 48 ஜிபி. ஏறக்குறைய மூன்று மடங்கு! அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தேன். ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் 'டி4' என்று இருந்தது. பெயரை மட்டும் பார்த்தது என் தவறு.

கடைக்காரர் கொஞ்சம் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு மாற்றித் தந்தார். இம்முறை பணம் கொடுக்குமுன் அவர் கம்ப்யூட்டரிலேயே மாட்டி, அதே வரியைப் பார்த்தேன்: ஜிடிடிஆர்5. இது 30 வாட்தான் கேட்கிறது, பழைய பவர் சப்ளையே போதும். கேம் இப்போது தடையின்றி ஓடுகிறது. அப்பாடா!