மறைந்துபோன அமெரிக்கக் கார் ஒன்றின் வரலாற்றைத் தோண்டுவது எப்படி?

1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கார் கம்பெனி ஆரம்பிக்கப் பெரிய ஆலை எதுவும் தேவைப்படவில்லை. எஞ்சினை ரூட்டன்பரிடமோ கான்டினென்டலிடமோ வாங்கலாம். கார்புரேட்டருக்கு இண்டியானாபோலிஸில் ஷெப்ளர், கியர்பெட்டிக்கு சிரக்யூஸில் பிரவுன்-லைப், அச்சுக்கு டிம்கன். குதிரை வண்டி செய்துகொண்டிருந்த பட்டறையிலேயே எல்லாவற்றையும் பூட்டி, சொந்தப் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டை அடித்துவிட்டால் கார் தயார். பெவர்லி ரே கைம்ஸும் ஹென்றி ஆஸ்டின் கிளார்க் ஜூனியரும் தொகுத்த ‘ஸ்டாண்டர்ட் கேட்டலாக் ஆஃப் அமெரிக்கன் கார்ஸ் 1805–1942’ 5,000-க்கும் மேற்பட்ட கார்ப் பெயர்களைத் தருகிறது. தேடலை அந்தப் புத்தகத்தில்தான் தொடங்க வேண்டும். ஆனால் பல பெயர்களுக்கு அதில் நாலைந்து வரிதான் இருக்கும். மீதியை நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

உதாரணத்துக்கு கிப்ளிங்கர் என்ற காரை எடுத்துக்கொள்வோம். இண்டியானா மாநிலம் ஆபர்ன் ஊரில் செய்யப்பட்டது. உயரமான வண்டிச் சக்கரமும் கெட்டி ரப்பர் டயருமாக, சேறும் பள்ளமுமான கிராமச் சாலைக்கென்றே உருவான ‘ஹை-வீலர்’ வகை.

1. பெயரை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள்

புதிதாகத் தேடுபவர்கள் காரின் பெயரை மட்டும் தட்டித் தேடுவார்கள். அதனால்தான் பாதி ஆதாரம் கைக்கு வராமல் போகிறது. கம்பெனிப் பெயர் மாறும், கார்ப் பெயர் மாறும், ஊரும் பட்டறையும் முதலாளியும் அவ்வளவு சீக்கிரம் மாறமாட்டார்கள்.

கிப்ளிங்கர் 1907-ல் வந்த கார். செயின்ட் லூயிஸின் சக்சஸ் ஆட்டோ-பக்கி கம்பெனி காப்புரிமை மீறல் என்று பிடித்ததும், பட்டறையை நடத்திவந்த வில்லியம் மெக்கின்டயர் பழைய கம்பெனியை மூடிவிட்டுத் தன் பெயரில் புதிதாகத் தொடங்கினார். அதே ஊரிலிருந்து 1909 முதல் மெக்கின்டயர் என்ற பெயரில் கார் வந்தது. 1913-ல் அதே கம்பெனி, மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் இடைப்பட்ட ‘சைக்கிள்கார்’ வகையில் ‘இம்ப்’ என்ற சிறு வண்டி ஒன்றையும் விற்றது. அதை வடிவமைத்தவர் பின்னாளில் விமானத் துறையில் பேர்பெற்ற வில்லியம் ஸ்டவுட். கிப்ளிங்கர் என்று மட்டும் தேடுபவருக்கு இவை எதுவுமே தெரியவராது. “ஆபர்ன், இண்டியானா” என்று தேடினால் மூன்றும் வரிசையாக வந்து நிற்கும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. இண்டியானாபோலிஸில் மேரியன் என்றொரு கார், அதே ஊரில் மார்மன் என்று இன்னொரு கார். போதாக்குறைக்கு இண்டியானாவிலும் ஒஹையோவிலும் மேரியன் என்றே ஊர்கள். இப்படிப்பட்ட பெயருக்கு முதலாளியின் பெயரையோ தெருவின் பெயரையோ சேர்க்காமல் தேடுவது வீண் வேலை.

2. தொழில் இதழ்கள்

1895 நவம்பரில் தொடங்கிய ‘தி ஹார்ஸ்லெஸ் ஏஜ்’, சிகாகோவின் ‘மோட்டார் ஏஜ்’, ‘தி ஆட்டோமொபைல்’, ‘மோட்டார் வேர்ல்ட்’ ஆகிய நான்கும் முக்கியம். குதிரை வண்டித் தொழிலுக்கான ‘தி ஹப்’ இதழையும் விடாதீர்கள். வண்டிப் பட்டறைகள் கார் செய்யத் தொடங்கிய செய்தி அங்கே முதலில் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த இதழ்களின் ஸ்கேன்கள் ஹாத்திடிரஸ்ட், இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இரண்டு இணைய நூலகங்களில் கிடைக்கும். தேட ஹாத்திடிரஸ்ட், படிக்க ஆர்கைவ் என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒரு தொகுதியில் எந்தெந்தப் பக்கத்தில் சொல் வருகிறது என்று காட்டுவதில் ஹாத்திடிரஸ்ட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கூகுள் ஸ்கேன் செய்த தொகுதிகளை முழுதாக இறக்கிக்கொள்ள உறுப்புக் கல்லூரியின் லாகின் கேட்கும். பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே தொகுதியை ஆர்கைவில் திறந்துகொள்ளுங்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. இந்தத் தேடல் படத்தில் நடப்பதில்லை, இயந்திரம் படித்து எழுதிவைத்த எழுத்தில் நடக்கிறது. பொடி எழுத்தில் அச்சான செய்தித் துணுக்குகளில் ‘ஈ’ (e) என்ற ஆங்கில எழுத்து ‘சி’ (c) ஆகும், ‘பி’ (b) எழுத்து ‘எச்’ (h) ஆகும், ‘ஆர்’ (r) எழுத்தும் ‘என்’ (n) எழுத்தும் ஒட்டிக்கொண்டு ‘எம்’ (m) ஆகும். வரி முடிவில் பெயர் இரண்டாக உடைந்தால் தேடலில் அகப்படவே அகப்படாது. ஆகவே பெயரைச் சரியான எழுத்தில் ஒருமுறையும், இப்படிப் பிழையாக வரக்கூடிய மூன்று நான்கு வடிவங்களிலும் தேடுங்கள். அதற்கும் மேலாக, அந்த ஆண்டுத் தொகுதியின் பின்னாலுள்ள அகரவரிசைச் சுட்டியைக் கண்ணால் பாருங்கள். ‘ஹார்ஸ்லெஸ் ஏஜ்’ ஆண்டுக்கு இரண்டு தொகுதி. பார்க்க வேண்டிய சுட்டிகள் சிலதான்.

3. அறிவிப்பா, காரா?

எல்லோரும் சறுக்கும் இடம் இது. இணையத்தில் உலவும் பட்டியல்களில் ஒரு லட்சம் டாலர் மூலதனத்தோடு ‘இருந்த’ கம்பெனிகளில் பல ஒரு கார்கூடச் செய்யாதவை. கம்பெனியைப் பதிவு செய்த அறிவிப்பில் வரும் மூலதனம் வெளியிட அனுமதி பெற்ற பங்குத் தொகைதான், பெட்டியில் இருந்த பணம் அல்ல.

கிடைக்கும் ஒவ்வொரு சான்றுக்கும் எடை போடுங்கள். பதிவு அறிவிப்பும் “கார் செய்யப்போகிறார்கள்” என்ற செய்தியும் மிக லேசானவை. கையால் வரைந்த படத்தோடு வந்த விளம்பரம் அதைவிடக் கொஞ்சம் மேல். புகைப்படம், விலை, எஞ்சின் அளவு மூன்றும் உள்ள விளம்பரம் நடுத்தரம். கண்காட்சி அறிக்கையில் நிருபர் காரை நேரில் பார்த்து எழுதியிருந்தால் ஒரு காராவது இருந்தது உறுதி. வேற்றூர் டீலரின் விளம்பரம், விபத்துச் செய்தி, மாநில அரசின் கார்ப் பதிவேடு இவை கிடைத்தால் கார் விற்றிருக்கிறது. எல்லாவற்றிலும் கனமானது திவால் ஏல அறிவிப்பு. முடிந்த கார் எத்தனை, பாதியில் நிற்பது எத்தனை, சேஸிஸ் எத்தனை, எஞ்சின் எத்தனை என்று சொத்தைக் கணக்கிட்டு எழுதியிருப்பார்கள். விளம்பரத்தில் வாய் கூசாமல் அளந்தவர்கள்கூட நீதிமன்றக் கணக்கில் கை வைக்க முடியாது.

ஆண்டைக் குறிக்கும்போதும் கவனம். 1909 மாடல் 1908 இலையுதிர்காலத்திலேயே விளம்பரத்துக்கு வந்துவிடும். இதழின் தேதியும் மாடல் ஆண்டும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கட்டும்.

குறிப்பெடுக்கத் தனி மென்பொருள் வேண்டாம், சாதாரண விரிதாள் போதும். தேதி, மாடல் ஆண்டு, இதழ், பக்கம், மூலத்தில் உள்ள வாசகம் அப்படியே, சான்றின் எடை என ஆறு பத்தி. வாசகத்தைச் சுருக்கி எழுதாதீர்கள். “செய்கிறார்கள்” என்றா “செய்வார்கள்” என்றா இருந்தது என்பதில்தான் முழு வித்தியாசமும் இருக்கிறது.

4. பட்டறை நிஜமாக நின்றதா?

சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் இலவசம். அளவு பொதுவாக ஓர் அங்குலத்துக்கு 50 அடி. இளஞ்சிவப்பு செங்கல் கட்டடம், மஞ்சள் மரக் கட்டடம், நீலம் கல். கட்டடத்துக்குள் எது உலைக்களம், எந்த மாடியில் வர்ணம், எங்கே இயந்திரப் பட்டறை என்றெல்லாம் எழுதியிருக்கும். ஆயிரம் கார் செய்ததாக விளம்பரம் சொல்ல, வரைபடத்தில் 40 அடிக்கு 60 அடி மரக்கொட்டகை ஒன்றுதான் நிற்கிறது என்றால், எதை நம்புவது என்று சொல்லத் தேவையில்லை. கறுப்பு வெள்ளை மைக்ரோஃபிலிம் நகலில் இந்த வண்ணம் காணாமல் போகும், எனவே வண்ண ஸ்கேனையே தேடுங்கள்.

உள்ளூர் செய்தித்தாளுக்கு குரோனிக்ளிங் அமெரிக்கா என்ற இணையச் சேகரிப்பு. இண்டியானாவுக்கு மட்டும் ஹூசியர் ஸ்டேட் கிரானிக்கிள்ஸ் தனியாக இருக்கிறது.

5. காப்புரிமை

கூகுள் பேட்டன்ட்ஸில் 1920-க்கு முந்தைய எழுத்துகளும் பிழை மலிந்தவை. கண்டுபிடித்தவரின் குடும்பப் பெயரோடு ஊரின் பெயரைச் சேர்த்து, ஆண்டு வரம்பு போட்டுத் தேடுங்கள். காப்புரிமைப் படத்தில் உள்ளபடியே கார் செய்யப்பட்டது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

செல்டன் விவகாரத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் காருக்கே உரிமை கோரிய, 549,160 எண்ணுள்ள ஜார்ஜ் செல்டனின் காப்புரிமை 1895 நவம்பர் 5 அன்று வழங்கப்பட்டது. அதற்கு உரிமம் பெற்ற கம்பெனிகள் 1903-ல் ஏ.எல்.ஏ.எம். (உரிமம் பெற்ற கார் உற்பத்தியாளர் சங்கம்) என்ற சங்கத்தை அமைத்தன. ஃபோர்டை அந்தக் காப்புரிமை கட்டுப்படுத்தாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1911-ல் தீர்த்தது. அந்தச் சங்கத்தின் ஆண்டுக் கையேடுகள் அழகானவை, படமும் அளவும் துல்லியம். ஆனால் உறுப்பினர்கள் மட்டுமே அதில் வருவார்கள். ஃபோர்டே அதில் கிடையாது. உங்கள் கார் இல்லாததால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

6. குதிரைத்திறனிலிருந்து எஞ்சினுக்கு

குதிரைத்திறனைக் கணக்கிட ஏ.எல்.ஏ.எம். சங்கத்தின் சூத்திரம்: சிலிண்டர் விட்டத்தின் (அங்குலத்தில்) வர்க்கத்தைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி 2.5-ஆல் வகுக்க வேண்டும். 4 அங்குலம், 4 சிலிண்டர் என்றால் 25.6. பதிவேட்டில் 4 சிலிண்டர் காருக்கு 22.5 என்றிருந்தால் திருப்பிப் போடுங்கள்: 22.5 × 2.5 ÷ 4 = 14.06. வர்க்கமூலம் 3.75 அங்குலம். இனி அந்த விட்டமுள்ள எஞ்சினை யார் விற்றார்கள் என்று எஞ்சின் கம்பெனிகளின் விளம்பரங்களில் பார்க்கலாம். 25, 30 என்று முழு எண்ணாக இருந்தால் அது பெரும்பாலும் கம்பெனி தானாகச் சொன்ன கணக்கு. அதற்கு இந்த வழி பொருந்தாது.

எஞ்சியிருக்கும் கார் கண்ணில் பட்டால் எஞ்சின் வார்ப்பில் உள்ள பெயரைத்தான் முதலில் படியுங்கள். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் மூடி எளிதில் கழற்றி மாட்டக்கூடியது, அதை மட்டும் சான்றாக வைக்காதீர்கள். இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். வழக்கமானது 56 அங்குலம். 60 அங்குலம் என்றால் தென் மாநிலங்களின் வண்டித்தடத்துக்காகச் செய்தது.

வாசகர்கள் கேட்டவை, பின்னர் சேர்த்தது

தபால் அட்டைப் புகைப்படத்துக்கு ஆண்டு எப்படிக் கணிப்பது என்று பலரும் கேட்டிருந்தார்கள். பின்பக்கம் செய்திக்கும் முகவரிக்கும் கோடு போட்டுப் பிரித்திருந்தால் அது 1907 மார்ச் 1-க்குப் பிந்தைய அட்டை. தபால்தலை ஒட்டும் கட்டத்தில் ‘ஏசோ’ (AZO) என்ற புகைப்படத் தாளின் பெயரும் மூலைக்கொரு முக்கோணம் நான்கும் மேல்நோக்கியும் இருந்தால் தாள் 1904–1918 காலத்தது. காரில் எண் பலகை தெரிந்தால் இன்னும் நல்லது. நியூயார்க் 1901-ல் பதிவைக் கட்டாயமாக்கியது, மாசசூசெட்ஸ் 1903-ல் மாநிலப் பலகையே வழங்கத் தொடங்கியது.

நூலகத்துக்கு எழுதியும் பதில் பயன்படவில்லை என்பது இன்னொரு குறை. டெட்ராய்ட் பொது நூலகத்தின் நேஷனல் ஆட்டோமோட்டிவ் ஹிஸ்டரி கலெக்‌ஷன், பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் உள்ள ஏ.ஏ.சி.ஏ. (அமெரிக்கப் பழங்கார் சங்கம்) நூலகம், ஆபர்னில் செய்த கார்களுக்கு அதே ஊரின் ஆபர்ன் கார்ட் டியூசன்பர்க் அருங்காட்சியகம் ஆகியவை கேட்க வேண்டிய இடங்கள். “இந்தக் காரைப் பற்றி என்ன இருக்கிறது?” என்று கேட்காதீர்கள். “மெக்கின்டயர், ஆபர்ன், 1909 முதல் 1911 வரை: விற்பனைக் கையேடோ விலைப்பட்டியலோ உள்ளதா? நான் ஏற்கெனவே பார்த்தவை இவை” என்று உங்கள் விரிதாளை இணைத்து அனுப்புங்கள். எந்தப் பெட்டியைத் திறப்பது என்று நூலகருக்குத் தெரிந்துவிடும்.