யன்னல்காரர் அளவெடுக்க வருமுன் பாத்ரூம் ஃபேனை முடிவு செய்யுங்கள்

லண்டன் ஹரோவில் எங்கள் வீடு 1930களில் கட்டியது. பாத்ரூமில் இருந்தது ஒற்றைக் கண்ணாடி மர யன்னல். அந்தக் கண்ணாடியிலேயே வட்டமாக வெட்டி, ஈரக்காற்றை வெளியே தள்ளும் ஒரு ஃபேன் பூட்டியிருந்தார்கள். டபுள் கிளேசிங், அதாவது இரட்டைக் கண்ணாடி யன்னல், போட வந்தவர்கள் யன்னலோடு அதையும் கழற்றிக்கொண்டு போனார்கள். "பிறகு வெட்டிப் பூட்டலாம்" என்றார்கள், நானும் நம்பினேன்.

வெட்ட முடியாது. இரண்டு கண்ணாடிகளையும் விளிம்பில் காற்றுப் புகாமல் ஒட்டித்தான் அந்த அலகைச் செய்கிறார்கள். துளை வேண்டுமென்றால் தொழிற்சாலையிலேயே துளையோடு செய்யச் சொல்ல வேண்டும். அந்தக் குளிர்காலம் சனிக்கிழமைகளில் நாலு பேரும் நல்லெண்ணெய் வைத்து முழுகி முடிய, சுவரில் தண்ணீர் கோடு கோடாக வடிந்தது. முன்பு ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படியும், இடுக்குகளாலும் வெளியே போகும். இப்போது வீட்டின் குளிர்ந்த இடம் சுவர் மூலைதான். தை மாதத்துக்குள் ஷாம்பு போத்தல்களுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம்.

ஆகவே ஓடர் கொடுக்குமுன் ஃபேனுக்கு இடம் பாருங்கள். யன்னலில்தான் வேண்டுமென்றால், மேல் கண்ணாடிக்குப் பதிலாக பிளாஸ்டிக் பலகை போடச் சொல்லுங்கள், அதில் வெட்டலாம். என் விருப்பம் வெளிச்சுவர்: ஷவருக்குக் கிட்ட, கூரையை ஒட்டி உயரத்தில். 2022 ஜூன் முதல் இங்கிலாந்தில் புது யன்னலோடு சட்டத்தின் மேலே சிறு காற்றுத்துவாரமும் பெரும்பாலும் வரும். அதிலிருந்து ஃபேன் அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பக்கத்தில் வைத்தால் அந்தத் துவாரத்துக் காற்றையே இழுத்து வெளியே தள்ளும், நீராவி அறைக்குள்ளேயே நிற்கும்.

பாத்ரூமுக்குக் கட்டட விதி கேட்பது நொடிக்கு 15 லீட்டர் காற்றை வெளியேற்றுவது. 100 மில்லிமீட்டர் ஃபேன் போதும். ஈரத்தை உணர்ந்து தானே ஓடுவதை வாங்குங்கள், அல்லது லைட் அணைத்த பின்னும் 15 நிமிடம் ஓடுவதை. பிள்ளைகள் சுவிட்சைத் தொடவே மாட்டார்கள்.

துளைக்கு, சுவரை வட்டமாக வெட்டும் வைரப்பல் கோர் டிரில்லை வாடகைக்கு எடுங்கள். முதலில் சுவருக்குள் வயரும் குழாயும் இல்லையென்று கருவியால் பாருங்கள். உள்ளேயிருந்து மெல்லிய துளை ஒன்று நேரே வெளியே போகட்டும். அதை வைத்து இரண்டு பக்கத்திலிருந்தும் பெரிய துளை போட்டால் வெளிச்செங்கல் உடைந்து விழாது. டிரில்லின் தட்டும் விசையை நிறுத்திவிடுங்கள். சுவர் இரட்டைச் சுவரென்றால் குழாய் நடு இடைவெளியைக் கடந்து வெளியே வரை ஒரே துண்டாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் நீராவி சுவருக்குள்ளேயே போய்ச் சேரும். குழாயைச் சற்று வெளிப்பக்கம் சரித்து வையுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே வராது. குழாயைக் கூரைக்கடியிலுள்ள லொஃப்டுக்குள் மட்டும் விடாதீர்கள், மரம் உளுத்துப்போகும்.

வயரிங்கை நான் தொடவில்லை. தொட்டிக்கும் ஷவருக்கும் கிட்ட எந்த ஃபேன் பூட்டலாம் என்பதற்கே தனி விதி இருக்கிறது. பதிவுபெற்ற எலெக்ட்ரிஷன் வந்து, அறைக்கு வெளியே தனிச் சுவிட்ச் வைத்து, சான்றிதழும் தந்தார். வீட்டில் பழைய காஸ் ஹீட்டர், அறைக் காற்றை எடுத்து எரிவது, இருந்தால் காஸ் பொறியாளரிடம் முதலில் கேளுங்கள். ஃபேன் அதன் புகையை வீட்டுக்குள் இழுத்துவிடலாம். உயிர் போகிற விஷயம்.

பூட்டியதும் கதவைச் சாத்தி, ஒரு துண்டு டிஷ்யூவை ஃபேனில் ஒட்டிப் பாருங்கள். எங்களுக்கு அது விழுந்தது. புதுத் தரைவிரிப்பு கதவின் அடியை அடைத்திருந்ததால், ஃபேன் இழுக்கப் போதிய காற்று உள்ளே வரவில்லை. கதவைக் கழற்றி, தரைக்கு மேல் 10 மில்லிமீட்டர் இடைவெளி வர அடியைச் சீவினேன். அடுத்த தடவை டிஷ்யூ ஒட்டிக்கொண்டே நின்றது.