தட்டையும் கைபேசியையும் பிரித்து வைப்பது எப்படி: வளரிளம் பிள்ளைகளின் உடற்கொழுப்பைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு

என் தங்கை மகனுக்கு 14 வயது. சென்ற கோடை விடுமுறையில் மதுரை ஆனையூரில் உள்ள அவர்கள் வீட்டில் ஒரு மாலைப் பொழுது இருந்தேன். தங்கை அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தண்ணீர்ச் செம்பின்மீது கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டில் தோசை விழ விழக் கை தானாகப் பிய்த்தது, சட்னியில் தோய்த்தது, வாய்க்குக் கொண்டுபோனது. அவன் எழுந்தபோது, "எத்தனை தோசைப்பா சாப்பிட்ட?" என்று கேட்டேன். "மூணு பெரியம்மா" என்றான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஆறு. அவன் பொய் சொல்லவில்லை. மூன்றுக்கு மேல் அவன் சாப்பிட்டது அவனுக்கே தெரியவில்லை.

பல வீடுகளில் உணவும் திரையும் இரண்டு தனித்தனிச் சண்டைகளாக நடக்கின்றன. பரோட்டாவுக்காக ஒரு முறையும் கைபேசிக்காக இன்னொரு முறையும் பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம். இரண்டும் ஒன்றோடொன்று முடிச்சிட்டுக் கிடப்பதைக் கவனிப்பதில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே உண்பவருக்கு வயிறு நிறைந்த உணர்வு மனத்தில் பதிவதில்லை. உண்ட அளவு நினைவில் நிற்காததால், அடுத்த வேளைக்கு முன்பே கை நொறுக்குத்தீனியைத் தேடுகிறது. அதே திரையில் பண்டங்களின் விளம்பரங்களும், அண்டா அண்டாவாகப் பிரியாணி தின்று காட்டும் காணொளிகளும் வந்து இல்லாத பசியைக் கிளப்புகின்றன. அதே திரைதான் இரவில் தூக்கத்தையும் பறிக்கிறது.

இந்தத் தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1985ஆம் ஆண்டிலேயே வில்லியம் டீட்ஸ், ஸ்டீவன் கார்ட்மேக்கர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், 12 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் நாள்தோறும் தொலைக்காட்சி பார்க்கும் நேரம் ஒரு மணி கூடக் கூட, உடற்பருமன் உள்ளவர்களின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடு கூடுவதாக எழுதினார்கள். அது தொடர்பைக் காட்டியதே தவிர, எது எதற்குக் காரணம் என்று காட்டவில்லை. 1999இல் தாமஸ் ராபின்சன் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இரண்டு தொடக்கப்பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றில் மட்டும் 10 நாட்கள் தொலைக்காட்சியை அறவே நிறுத்தச் சொல்லி, அதன்பின் வாரத்துக்கு 7 மணி நேரம் என்று வரம்பு வைத்துப் பார்த்தார். அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் உடல் நிறை எண், அதாவது எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் காட்டும் பி.எம்.ஐ., மற்றப் பள்ளிப் பிள்ளைகளுடையதைவிடக் குறைவாகவே ஏறியது. அவர்கள் வளரிளம் பருவத்துக்குச் சற்று முந்தியவர்கள்தான் என்றாலும், இதில் ஒரு செய்தி இருக்கிறது: அவர்கள் முன்னைவிடக் கூடுதலாக ஓடியாடியதாக அளவுகளில் தென்படவில்லை; தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்து சாப்பிட்ட வேளைகள் குறைந்திருந்தன. கைபேசியைப் பறிப்பதிலிருந்து தொடங்காமல் தட்டிலிருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

தொடங்கும் முன் அளவெடுக்க வேண்டும். எடை எந்திரம் மட்டும் போதாது. பூனாவைச் சேர்ந்த மருத்துவர் யாஞ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் படங்களையே அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஞ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லியாக இருந்தும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்வது நம் நாட்டு உடல்வாகில் அதிகம் என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை. ஆகவே தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். அந்தச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருப்பது நல்லது, 156 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு இடுப்பு 78 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பி.எம்.ஐ.யை, பெரியவர்களுக்கான அட்டவணையை வைத்துப் பார்க்காதீர்கள். வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் குழந்தை மருத்துவரிடம் இருக்கும். பெண் பிள்ளைகளுக்குப் பூப்பெய்தும் பருவத்தில் கொழுப்பு சற்றுக் கூடுவது இயற்கை. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறித்து வையுங்கள். பிள்ளையே எழுதினால் இன்னும் நல்லது. என்ன சாப்பிட்டான் என்பதோடு, அப்போது கையில் திரை இருந்ததா, மணி என்ன என்ற இரண்டையும் எழுத வேண்டும். கைபேசியின் அமைப்புகளிலேயே அன்றாடப் பயன்பாட்டு நேரம் தெரியும். எங்கள் வீட்டுக் குறிப்பேட்டில் வெளிப்பட்ட உண்மை என்னவென்றால், திரையோடு கழிந்த சாப்பாட்டு வேளைகளில் பாதி, பெரியவர்களான நாங்கள் தொடர் பார்த்துக்கொண்டே பரிமாறியவை.

முதல் மாற்றம் ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் யார் சாப்பிட்டாலும் அங்கே திரை இருக்கக் கூடாது. அப்பா, தாத்தா, விருந்தாளி யாருக்கும் விலக்கு இல்லை. அடுப்படி அலமாரியில் ஒரு கூடை வைத்து, தட்டை எடுக்கும்போது கைபேசியை அதில் போட்டுவிட்டு வருவது எங்கள் வீட்டில் நடைமுறைக்கு வந்தது. தோசை, சப்பாத்தி போன்றவற்றை வார்க்க வார்க்கப் போடாமல், இரண்டு மூன்றை முதலிலேயே வைத்துவிட்டு, மறுபடி வேண்டுமானால் பிள்ளையே எழுந்து வந்து கேட்கும்படி விட்டுவிடுங்கள். கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். நினைவோடு கேட்டுச் சாப்பிடும் நான்காவது தோசையால் கேடில்லை. கடலை மிட்டாய், முறுக்கு, சிப்ஸ் எதுவானாலும் பொட்டலத்தோடு திரைக்கு முன் போகக் கூடாது. ஒரு கிண்ணத்தில் போட்டு, உட்கார்ந்து தின்று முடித்துவிட்டுப் போகட்டும். இந்த ஒன்று பழக்கமாக மூன்று வாரமாவது ஆகும். அதுவரை வேறு எதிலும் கை வைக்காதீர்கள்.

அடுத்துக் கவனிக்க வேண்டியவை குடிபொருள்கள். சேர்க்கப்படும் சர்க்கரை, நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாகவும், முடிந்தால் 5 விழுக்காட்டுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் பிள்ளைக்கு 5 விழுக்காடு என்பது 25 கிராம், அதாவது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. கோலா வகைக் குளிர்பானத்தில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பதால், 250 மில்லி புட்டி ஒன்றிலேயே அந்த நாளின் கணக்கு தீர்ந்துபோகிறது. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் இந்தக் கணக்கில் சர்க்கரைதான். "கருப்பட்டி போட்டதுதானே" என்று நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்வது வேண்டாம். விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா குடிப்பதைத் தடை செய்ய நான் சொல்லமாட்டேன். அது மதுரைப் பிள்ளைகளின் உரிமை. மாதத்துக்கு ஒருமுறை, கடைக்கே நடந்துபோய், நின்று ருசித்துக் குடித்துவிட்டு வரட்டும். அன்றாடத் தாகத்துக்குத் தண்ணீரும் நீர்மோரும் போதும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டி இருக்க வேண்டாம்.

பரோட்டாவைப் பற்றிச் சொல்லாமல் மதுரையில் உணவைப் பற்றி எழுத முடியாது. மைதாவில் நார்ச்சத்து மிகக் குறைவு. பிசைவதிலும் வீசுவதிலும் சுடுவதிலும் எண்ணெய் சேர்ந்துகொண்டே இருக்கிறது. சால்னாவில் ஊறியதை மெல்ல வேண்டிய வேலையும் குறைவு. அதனால்தான் வயிறு நிறைந்தது தெரியும் முன் நான்கு உள்ளே போய்விடுகிறது. இந்த ஊர் தூங்காததால் இரவு பத்தரைக்கும் கல்லில் கொத்துச் சத்தம் கேட்கிறது. தனிப்பயிற்சி முடிந்து பசியோடு வரும் பிள்ளையின் கால் அங்கேதான் நிற்கும். இதற்கு அறிவுரையால் பயனில்லை. மாலை ஐந்தரைக்கு, வகுப்புக்குப் போகும் முன், வயிற்றை நிறைக்கும் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள்: ஒரு கிண்ணம் தட்டைப்பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல், இரண்டு அவித்த முட்டை, வேகவைத்த நிலக்கடலை. புரதமும் நாரும் பசியை நெடுநேரம் தாங்கும். வீட்டுச் சாப்பாட்டில் தட்டின் பாதியைப் பொரியலும் கூட்டும் கீரையும் பிடித்துக்கொள்ளட்டும். மீதிப் பாதியைச் சோறும், பருப்போ மீனோ கறியோ பங்கிட்டுக்கொள்ளட்டும். பேரையூர்ப் பக்கத்துக் குதிரைவாலி நல்லதுதான். ஆனால் அதையும் குவித்துப் போட்டால் பயனில்லை.

காலை உணவைத் தவறவிடுவதும் இந்த வயதில்தான் தொடங்குகிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கப்பட்டது. ஆனால் அது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கானது. ஆறாம் வகுப்பு முதல் அந்தப் பொறுப்பு முழுவதும் வீட்டைச் சேர்ந்தது. இரவு வெகுநேரம் விழித்திருக்கும் பிள்ளை காலையில் பசியில்லை என்றுதான் சொல்லும், பிறகு பதினோரு மணிக்குப் பப்ஸ் வாங்கும். ஆகவே காலைச் சாப்பாட்டுக்கான திருத்தத்தை இரவிலேயே செய்ய வேண்டியிருக்கிறது.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுவதையும், நிறைவை உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவதையும் ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். இனிப்பிலும் எண்ணெய்ப் பண்டத்திலும் நாட்டம் மிகுவதை எந்தத் தாயும் கண்டிருப்பாள். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளையும் கூடத்தில் மின்னேற்றம் செய்ய வையுங்கள். எழுப்பும் மணிக்காகக் கைபேசி வேண்டும் என்று பிள்ளை சொன்னால், கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பகலில் பொழுதுபோக்குத் திரைக்கு வாரக் கணக்கில் வரம்பு வைப்பது நல்லது. அன்றாடக் கணக்கு அன்றாடச் சண்டையாகிவிடும். வாரக் கணக்கில் எதை எப்போது பார்ப்பது என்று பிள்ளையே பங்கிட்டுக்கொள்ளும். பள்ளிப் பாடத்துக்கான நேரத்தை இதில் சேர்க்க வேண்டாம்.

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது. சித்திரை வெயிலில் பகலில் இது நடவாது. காலை ஆறு மணிக்கோ மாலை வெயில் தாழ்ந்த பிறகோதான் முடியும். மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தாலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். விரைந்து நடந்தால் நான்கு சுற்றில் அந்த நாளின் கணக்கு ஏறத்தாழ நிறைவாகும். கபடியும் சிலம்பமும் வலுவையும் சேர்த்துத் தருபவை. பிள்ளைக்கு எதில் கூட்டாளிகள் இருக்கிறார்களோ அதில் விடுங்கள், அதுதான் நிலைக்கும்.

எடையைக் குறைப்பது பெரும்பாலும் இங்கே குறிக்கோளே ஆகாது. எடை நின்று உயரம் ஏறினாலே கொழுப்பின் பங்கு தானாக இறங்கும். ஆகவே பட்டினி, சோற்றை அறவே விடுதல், கடையில் விற்கும் எடைக்குறைப்புப் பொடி எதுவும் வேண்டாம். "குண்டு", "பூசணிக்காய்" என்ற சொற்களை விளையாட்டாகவோ உறவினர்களுக்கு முன்போ ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்தச் சொல் கேட்ட பிள்ளை ஒளித்துத் தின்னக் கற்றுக்கொள்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் நாடாவைச் சுற்றி அளந்தால் போதும். கழுத்தின் பின்புறமும் அக்குளும் தேய்த்தாலும் போகாத கருமையோடு தடித்திருந்தாலும், குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வந்தாலும், அடிக்கடி தாகமும் சிறுநீரும் இருந்தாலும், மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போனாலும், உயரம் நின்று எடை மட்டும் ஏறினாலும், சாப்பிட்டதைப் பிள்ளை வாந்தி எடுப்பதாகத் தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் போகும்போது, அந்த ஒரு வாரக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கான பதில் அதில் இருக்கும்.