அயர்லாந்துக்கு புதுசா வந்திருக்கீங்களா? கில்லார்னி ஏரிக்கு கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

அயர்லாந்து வந்த முதல் மூணு நாலு மாசம் யாருக்கும் ஊர் சுத்துற நினைப்பே வராது. வாடகை வீடு தேடணும், பிபிஎஸ் நம்பர் (நம்ம ஆதார் மாதிரி ஒரு அரசாங்க நம்பர்) வாங்கணும், பேங்க் அக்கவுண்ட், ஐஆர்பி கார்டுன்னு (இங்க தங்கறதுக்கான அனுமதி அட்டை) அலைஞ்சே காலம் ஓடிடும். அதெல்லாம் ஒரு வழியா முடிஞ்சு கையில நாலு காசு நின்னதும் வீட்டுல ஆரம்பிப்பாங்க, "வந்ததுல இருந்து இந்த நாலு சுவத்தையே பாத்துட்டு இருக்கோம், எங்கயாவது கூட்டிட்டுப் போங்க"ன்னு. ஆபீஸ்ல கேட்டா தென்மேற்குல கெர்ரி மாவட்டத்துல இருக்கற கில்லார்னி போங்கன்னு தான் சொல்வாங்க. சரியா தான் சொல்றாங்க, ஆனா எப்படிப் போகணும்னு சொல்ல மாட்டாங்க. அதுக்குத்தான் இது.

நாங்க முதல் தடவை பண்ணின கூத்தை சொல்லிடறேன். மூணு குடும்பம், ரெண்டு கார், டப்ளின்ல இருந்து காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பி ஒரே நாள்ல கில்லார்னி, அங்கிருந்து மலை, கடல்னு சுத்தி வர்ற ரிங் ஆஃப் கெர்ரி ரோடு எல்லாத்தையும் முடிச்சிட்டு ராத்திரியே திரும்பிடலாம்னு பிளான். போறதுக்கே 300 கிலோமீட்டர், ரிங் ஆஃப் கெர்ரி ஒரு சுத்து 179 கிலோமீட்டர், அதுவும் டூரிஸ்ட் பஸ் பின்னாடி ஊர்ந்துக்கிட்டே போகணும். கொடைக்கானல்ல வேன் டிரைவர் பாயிண்ட் பாயிண்டா இறக்கி விட்டு "பத்து நிமிஷம் சார்"னு சொல்வாரே, அதையே எங்களுக்கு நாங்களே பண்ணிக்கிட்டோம். நாள் பூரா மழை. அந்த டிரிப்ல எனக்கு ஞாபகம் இருக்கறது கார் வைப்பர் மட்டும் தான். இந்த ஊர்ல மலையும் ஏரியும் உங்க டைம்டேபிளுக்கு முகம் காட்டாது, மேகம் எப்ப விலகுதோ அப்ப நீங்க அங்க இருக்கணும், அவ்ளோதான் சூட்சுமம். அதனால ரெண்டு ராத்திரி தங்குங்க, ஒரே ஏரிக்கரையில தங்குங்க, ரிங் ஆஃப் கெர்ரியை இன்னொரு டிரிப்புக்கு வெச்சுக்கோங்க.

கார் இல்லையேன்னு யோசிக்காதீங்க. டப்ளின் ஹியூஸ்டன் ஸ்டேஷன்ல ஏறினா பெரும்பாலும் மாலோங்கற ஸ்டேஷன்ல ஒரு தடவை டிரெயின் மாறணும், மூணரை மணி நேரத்துக்குள்ள கில்லார்னி டவுன் நடுவுலயே இறங்கிடலாம், ஏரிங்களைச் சுத்தி இருக்கற தேசியப் பூங்கா வாசல் அங்கிருந்து நடக்கிற தூரம். டிக்கெட் ஆன்லைன்ல முன்னாடியே எடுத்தா கம்மி. கார் ஓட்டுறவங்களுக்கு ஒரு விஷயம். நம்ம ஊர் மாதிரி லெஃப்ட் சைடு தான், ஸ்டியரிங் பழக்கம் ஈஸி, ஆனா "இந்தியன் லைசென்ஸ்ல ஒரு வருஷம் ஓட்டலாம்"னு ஃபிரண்ட்ஸ் சொல்றது சும்மா சுத்திப் பாக்க வர்ற விசிட்டருக்கான கணக்கு. வேலைக்கு வந்து இங்கயே குடியிருக்கறவங்க தியரி டெஸ்ட், லேர்னர் பெர்மிட்னு முதல்ல இருந்து தான் வரணும், இந்திய லைசென்ஸையோ இலங்கை லைசென்ஸையோ நேரா மாத்திக் குடுக்க மாட்டாங்க. இதுல அசட்டையா இருந்து ஏதாவது ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான். அப்புறம் 2025 பிப்ரவரில இருந்து சின்ன கிராமத்து ரோடுகளுக்கு லிமிட் 80ல இருந்து 60 ஆயிடுச்சு, அந்த ரோட்டுல 60 போறதே சில இடத்துல அதிகம், ரெண்டு பக்கமும் வேலி, எதிர்ல டிராக்டர்.

சரி, ஊருக்கு வருவோம். மூணு ஏரி. பெருசு லாக் லேன் (லாக்னா ஏரி), அதுக்கு "கல்வி ஏரி"ன்னு ஒரு அர்த்தம் சொல்வாங்க, ஏன்னா நடுவுல இன்னிஸ்ஃபாலன்னு ஒரு தீவுல பழைய மடாலயம் இருந்துச்சு, அங்க துறவிங்க எழுதி வெச்ச வரலாற்றுக் குறிப்பு இன்னைக்கு ஆக்ஸ்ஃபோர்டு லைப்ரரில இருக்கு. நடுவுல மக்ராஸ் ஏரி, அது தான் ஆழம் ஜாஸ்தி. மேல மலைக்குள்ள அப்பர் லேக். மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடி வருது. சுத்தி இருக்கற பார்க் அயர்லாந்தோட முதல் தேசியப் பூங்கா, அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. கலிஃபோர்னியால தங்கச் சுரங்கம் வெச்சிருந்த போர்ன்னு ஒருத்தர் மகளுக்கு கல்யாணச் சீரா மக்ராஸ் எஸ்டேட்டையே வாங்கிக் குடுத்தாரு, அந்தப் பொண்ணு 1929ல இறந்துட்டாங்க, 1932ல அப்பா அம்மாவும் மருமகனுமா சேர்ந்து மொத்த எஸ்டேட்டையும் நாட்டுக்கே எழுதிக் குடுத்துட்டாங்க. அதனால தான் இன்னைக்கு நீங்களும் நானும் டிக்கெட் இல்லாம உள்ள போறோம். ஆமா, பார்க்குக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது.

முதல் நாள் சைக்கிள் வாடகைக்கு எடுத்துடுங்க, டவுன்லயே கடைங்க இருக்கு, குழந்தைக்கு பின்னாடி இழுக்கற டிரெய்லர் கூட கிடைக்கும். முதல்ல ராஸ் கோட்டை, 15ஆம் நூற்றாண்டு, இங்கிலாந்துல இருந்து படையெடுத்து வந்த குரோம்வெல் படைக்கு 1652 வரைக்கும் பணியாம நின்ன கோட்டை. உள்ள பாக்க டிக்கெட் உண்டு, ஆனா மாசத்தோட முதல் புதன்கிழமை இந்த மாதிரி அரசாங்க இடங்கள் நிறைய ஃப்ரீ, லீவு போட முடிஞ்சா பாருங்க. குளிர்காலத்துல கோட்டை மூடியிருக்கும். அப்புறம் மக்ராஸ் ஏரியைச் சுத்தி சுமார் 10 கிலோமீட்டர் ரவுண்டு, சைக்கிளுக்கு ஒன்வே, போர்டு பாத்து போங்க. வழியில மூணு ஏரித் தண்ணியும் கூடுற இடம் வரும், அங்க ஒரு பழைய கல் பாலம், ஃபிளாஸ்க்ல டீ கொண்டு போனா அங்க உக்காந்து குடிங்க. மக்ராஸ் அபே இன்னொரு இடம், 1448ல கட்டின மடம், கூரை போயிடுச்சு, நடு முற்றத்துல ஒரே ஒரு யூ மரம் சுவருக்கு மேல எழும்பி நிக்குது. நிறைய பேர் அதைத் தாண்டி மக்ராஸ் மாளிகைக்கு ஓடிடுறாங்க, எனக்கு அபே தான் பிடிக்கும். மாளிகை 1843ல முடிஞ்சது, 65 ரூம், 1861ல விக்டோரியா ராணி ரெண்டு நாள் தங்க வந்தாங்க, அந்த வரவேற்புக்கு செலவு பண்ணியே வீட்டுக்காரங்க நொடிச்சுப் போனாங்கன்னு பேச்சு. நம்ம ஊர் கல்யாணக் கடன் கதை தான்.

டார்க் அருவி கூட்டமா இருக்கும், 20 மீட்டர் உயரம், மழை பெஞ்ச மறுநாள் போனா தான் அது அருவி, இல்லைன்னா குழாய். காலைல ஒன்பதுக்கு முன்னாடி போயிடுங்க, பார்க்கிங் நிரம்பிடும். பேருக்கு ஐரிஷ்ல காட்டுப்பன்றின்னு அர்த்தம். பக்கத்துலயே 535 மீட்டர் டார்க் மலை இருக்கு, மேல வரைக்கும் பாதை தெளிவா போட்டிருக்கும், ஓரளவு நடக்கறவங்க ஏறிடலாம். ஆனா அயர்லாந்தோட உச்சி கரான்டூஹில், 1,038 மீட்டர், நம்ம தொட்டபெட்டாவுல பாதி கூட இல்லையேன்னு நினைச்சு ஷூ மாட்டிக்கிட்டு கிளம்பிடாதீங்க. தொட்டபெட்டா உச்சிக்கு காரே போகும். இங்க கடல் மட்டத்துக்கு கொஞ்சம் மேல இருந்தே நடந்து ஏறணும், பாறைச் சரிவு, மேகம் இறங்கினா கால் வைக்கிற இடம் தெரியாது. தெரிஞ்சவங்களோட போங்க, இல்லைன்னா கைடு.

ரெண்டாவது நாள் வானம் கொஞ்சம் தெளிவா இருந்தா கேப் ஆஃப் டன்லோங்கற மலைக் கணவாய். என்னைக் கேட்டா இந்த ஒண்ணுக்காகவே கில்லார்னி போகலாம். டவுன்ல இருந்து காலைல பஸ்ல கேட் கியர்னி காட்டேஜ் வரைக்கும் கொண்டு விடுவாங்க, அங்கிருந்து ரெண்டு மலைக்கு நடுவுல சின்ன சின்ன ஏரிங்களைத் தாண்டி சுமார் 11 கிலோமீட்டர், நடக்கலாம், இல்லைன்னா குதிரை வண்டி. கணவாய் தாண்டி இறங்கினா பிளாக் வேலி, அந்தப் பள்ளத்தாக்குக்கு கரண்ட் வந்ததே 1970கள்ல தான், போன் சிக்னலையும் நம்பாதீங்க. கடைசில லார்டு பிராண்டன் காட்டேஜ்ல திறந்த படகு காத்துக்கிட்டு இருக்கும், மூணு ஏரியையும் தாண்டி ராஸ் கோட்டையில இறக்கி விடும், ஒண்ணரை மணி நேரம் ஆகும். தண்ணி கம்மியா இருந்தா அந்தப் பழைய பாலத்துக்கிட்ட எல்லாரையும் இறங்கி நடக்கச் சொல்வாங்க, பயந்துடாதீங்க, அது வழக்கம் தான். படகு மதியம் கிளம்பிடும், விட்டா திரும்ப வழியில்லாம முழிக்கணும், அதனால நடக்கும்போது செல்ஃபிக்கு கணக்கு வெச்சுக்கோங்க. முதல் நாளே புக் பண்ணணும், குளிர்காலத்துல ஓடாது. நடக்க முடியாதவங்களுக்கு லேடீஸ் வியூ, கார்லயே போய் மேல இருந்து ஏரியைப் பாக்கலாம், விக்டோரியா கூட வந்த தோழிப் பெண்கள் ரசிச்ச இடம்ங்கறதால அந்தப் பேர்.

மழை பத்தி. கெர்ரி மலைங்க அட்லாண்டிக்ல இருந்து வர்ற மேகத்தை நேரா நெஞ்சுல வாங்குது, அதனால போர்காஸ்ட்ல வெயில்னு இருந்தாலும் ரெயின் ஜாக்கெட் எடுங்க. குடை வேண்டாம், காத்துல கம்பி மட்டும் மிஞ்சும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைஞ்சா நாள் பூரா காயாது, கால் விறைச்சுப் போயிடும், பென்னீஸ், டெக்கத்லான் மாதிரி கடையில ஒரு டிராக் பேண்ட் வாங்கினா போதும். கிளம்புற அன்னைக்கு மெட் ஏரன்ங்கற வானிலை ஆப்ல மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு எச்சரிக்கை பாருங்க, ஆரஞ்சுன்னா ரூம்லயே சீட்டு விளையாடுங்க. ஜூன்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம், குழந்தைங்க தூங்காது, டிசம்பர்ல நாலரைக்கே இருட்டு, அதுக்கேத்த மாதிரி பிளான்.

தண்ணி விஷயத்துல நான் கண்டிப்பா பேசுவேன். ஆத்துலயும் கிணத்துலயும் நீச்சல் அடிச்ச ஆளுங்க தான் இங்க ஏமாறுறாங்க. ஜூலைல கூட ஏரித் தண்ணி உடம்பை இறுக்கிப் பிடிக்கும், திடீர்னு குதிச்சா மூச்சு தடுமாறும், கரையில முழங்கால் ஆழம், ரெண்டு அடி தள்ளி ஆள் மூழ்கும். வெயில் காலத்துல நீலப்பச்சைப் பாசின்னு எச்சரிக்கை போர்டு இருந்தா கால் கூட வைக்காதீங்க. சின்ன படகு, கயாக் எதுல ஏறினாலும் லைஃப் ஜாக்கெட் சட்டப்படி கட்டாயம். கரையில கம்பத்துல வட்டமா மிதவை தொங்கும், "திருடிய மிதவை திருடிய உயிர்"னு அதுல எழுதியிருப்பாங்க, குழந்தைங்க அதை எடுத்து விளையாட விடாதீங்க. ஆபத்துன்னா 112, மலையில மாட்டிக்கிட்டா மவுண்டன் ரெஸ்க்யூன்னு கேளுங்க.

மான் பாப்பீங்க, செம்மான், பெரிய கொம்போட. பிஸ்கெட் நீட்டாதீங்க. செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல ஆண் மான் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிற சீசன், அந்தக் கத்தல் கேட்டாலே தூரமா நின்னுக்கணும். புல்லுல உக்காந்துட்டு வந்தா ராத்திரி குழந்தைங்க கால், அக்குள் எல்லாம் உண்ணி இருக்கான்னு பாருங்க, சாமணம் வெச்சு தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, எண்ணெய் விடுறது, சூடு வைக்கறது எல்லாம் வேண்டாம், கொஞ்ச நாள் கழிச்சு வட்டமா சிவந்தா ஜிபி கிட்ட (அதான் நம்ம ஃபேமிலி டாக்டர்) போயிடுங்க.

நம்ம ஆளுங்க சிக்கனை மசாலா தடவி எடுத்துட்டு வந்து பார்க்ல பார்பிக்யூ போடுறதை நான் பாத்திருக்கேன். பார்க்குக்குள்ள நெருப்புக்குத் தடை, டென்ட் போடவும் தடை, டிரோனும் அனுமதி இல்லாம பறக்க விட முடியாது. 2021 ஏப்ரல்ல இந்தப் பார்க்ல பெரிய தீ பிடிச்சு ஏகப்பட்ட இடம் கருகிப் போச்சு, அதனால இங்க யாரும் இதை லேசா எடுத்துக்க மாட்டாங்க. மீன் பிடிக்க ஆசைன்னா சால்மன் மீனுக்கு லைசென்ஸ் வேணும், பைக்னு (pike) ஒரு ஏரி மீன் இருக்கு, அதைப் பிடிச்சா ஒரு நாளைக்கு ஒண்ணு தான் வீட்டுக்கு, அதுவும் 50 சென்டிமீட்டருக்குள்ள. குழம்புக் கணக்கு போட்டு சாக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.

சாப்பாட்டுக்கு புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கோங்க, டவுன்ல இந்தியன் ரெஸ்டாரண்ட் இருக்கு, சூப்பர்மார்க்கெட்டும் இருக்கு. தங்குற இடத்துல காலை ஃபுல் ஐரிஷ்னு குடுக்கறதுல கறுப்பா வட்டமா இருக்கறது பன்றி ரத்தத்துல செஞ்சது, ஆட்டு ரத்தப் பொரியல் பிடிச்சவங்க தாராளமா சாப்பிடுங்க, வேண்டாதவங்க முன்னாடியே சொல்லிடுங்க. காபி கப்பை மறக்காதீங்க, 2023ல இருந்து இந்த டவுன்ல நிறைய காபிக் கடைங்க தூக்கிப் போடுற கப்பை நிறுத்திட்டாங்க, டெபாசிட் கட்டி கப் வாங்கி திருப்பிக் குடுக்கணும்.

கில்லார்னி பிடிச்சுப் போய் அடுத்து லாக் எர்ன் ஏரி, குல்கா மலை மரப்பாதைன்னு இன்ஸ்டால பாத்துட்டு கிளம்புறவங்க கொஞ்சம் நில்லுங்க. அது ஃபெர்மானா மாவட்டம், வட அயர்லாந்து, அதாவது யுகே. பார்டர்ல கேட்டும் கிடையாது போலீஸும் கிடையாது, ரோட்டுல கோடு நிறம் மாறும், போர்டு கிலோமீட்டர்ல இருந்து மைலுக்கு மாறும், அவ்ளோதான், ஆனா ஐஆர்பி கார்டு அங்க செல்லாது, இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு யுகே விசா வேணும். பஸ்ல எப்பவாவது செக் பண்ணுவாங்க, அன்னைக்கு நீங்க மாட்டினா அடுத்த விசாவுக்கெல்லாம் தலைவலி. ஊர்ல இருந்து வர்ற அம்மா அப்பாவோட விசா ஸ்டிக்கர்ல பிஐவிஎஸ்னு (யுகே, அயர்லாந்து ரெண்டுக்கும் ஒரே விசா) இருந்தா அவங்க போகலாம், கூட்டிட்டுப் போற உங்களால முடியாது, இது தான் காமெடி.

அம்மா அப்பா வந்தா அவங்களுக்கு கில்லார்னியே போதும். டவுன்லயும் மக்ராஸ்லயும் ஜாண்டிங் கார்னு நிக்கும், நம்ம பழைய ஜட்கா வண்டி தான், போர்வை எல்லாம் போட்டு உக்கார வைப்பாங்க, ஏறுறதுக்கு முன்னாடி ரேட் பேசிடுங்க. எங்க அத்தை புடவை மேல ரெயின் ஜாக்கெட் போட்டுக்கிட்டு ஏறினாங்க, ஏறினதும் வண்டிக்காரர் கிட்ட தமிழ்லயே குதிரைக்கு என்ன பேருன்னு கேட்டாங்க. அவரு திரும்பிப் பாத்து கெர்ரி இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாரு, அத்தையும் தலையாட்டினாங்க, வழி பூரா ரெண்டு பேரும் பேசிக்கிட்டே தான் வந்தாங்க. பத்து வருஷமா இங்க இருக்கற எனக்குத்தான் அந்தக் குதிரை பேர் இன்னும் விளங்கலை.