பழைய ரேஸ் பைக்கின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி? மேங்ஸ் நார்ட்டனை வைத்து ஒரு செய்முறை

சாலையில் ஓடிய பழைய வண்டிக்குப் பூர்வீகம் தேடுவது ஓரளவு எளிது. பதிவு எண் இருக்கும், பதிவுப் புத்தகம் இருக்கும், கைமாறிய உரிமையாளர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். ரேஸுக்கென்றே செய்யப்பட்ட வண்டிக்கு இவை எதுவும் கிடையாது. வேனில் ஏற்றிப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோவார்கள், ஓட்டுவார்கள், மறுபடி ஏற்றிக் கொண்டுவருவார்கள். வாகனப் பதிவு அலுவலகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. அதனால்தான் "இது இன்னார் ஓட்டிய வண்டி" என்று யார் வேண்டுமானாலும் சொல்லி விற்க முடிகிறது. அந்தப் பேச்சு உண்மையா என்று எப்படிச் சரிபார்ப்பது? இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

பொதுப்படையாகச் சொன்னால் எதுவும் பிடிபடாது. ஆகவே ஒரே வண்டியை எடுத்துக்கொள்வோம். பர்மிங்ஹாம் நகரின் பிரேஸ்பிரிட்ஜ் தெருவில் இருந்த நார்ட்டன் தொழிற்சாலையின் மேங்ஸ் நார்ட்டன். ஒற்றை சிலிண்டர் எஞ்சின். 500 சி.சி. மாடலுக்கு 30எம், 350 சி.சி. மாடலுக்கு 40எம் என்று பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1960களின் தொடக்கம் வரை, தனி வீரர் ஒருவர் கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய வண்டிகளில் இதற்கு நிகரானவை மிகக் குறைவு. 1961இல் மைக் ஹெயில்வுட் மேன் தீவின் சீனியர் டி.டி. பந்தயத்தை வென்றது இதில்தான். தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் கழித்து, 1969இல், காட்ஃப்ரி நாஷ் இதே வண்டியில் யூகோஸ்லாவிய கிராண்ட் பிரியின் 500 சி.சி. பந்தயத்தை வென்றார். இப்படிப்பட்ட வண்டிக்குக் கதைகளும் அதிகம், போலிகளும் அதிகம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி கிடையாது.

தேடலுக்கு முன் ஒன்றை மனத்தில் நிறுத்துங்கள்

உங்கள் முன்னால் நிற்பதை ஒரே வண்டி என்று எண்ணாதீர்கள். எஞ்சினுக்கு ஒரு வரலாறு, சேஸிஸுக்கு ஒரு வரலாறு, கியர் பாக்ஸுக்கு ஒரு வரலாறு. இவை எப்போது ஒன்று சேர்ந்தன என்பதே தேடலின் பாதி.

மேங்ஸ் நார்ட்டனில் இது மிகவும் முக்கியம். 1950களில் இங்கிலாந்தில் 500 சி.சி. ஃபார்முலா 3 கார் பந்தயம் சூடுபிடித்திருந்தது. கூப்பர் நிறுவனத்தின் சிறிய கார்களுக்கு நார்ட்டன் எஞ்சினே எல்லோரும் விரும்பியது. ஆனால் நார்ட்டன் எஞ்சினைத் தனியாக விற்க மறுத்தது. கார் பந்தயக்காரர்கள் முழு பைக்கையே வாங்கி, எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டார்கள். அநாதையாக நின்ற சேஸிஸில் யாரோ ட்ரையம்ப் எஞ்சினைப் பொருத்தினார்கள். 'ட்ரைட்டன்' என்ற கலப்பு வண்டிகள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். பல ஆண்டுகள் கழித்து அந்த சேஸிஸில் வேறொரு மேங்ஸ் எஞ்சின் ஏறியது. இன்று பார்ப்பவருக்கு எல்லாம் பிறந்தபோதே சேர்ந்திருந்ததுபோலத் தெரியும்.

இதில் மோசடி எதுவும் இல்லை. ரேஸ் வண்டியின் வாழ்க்கையே இப்படித்தான். சனிக்கிழமை எஞ்சின் வெடித்தால் ஞாயிற்றுக்கிழமை வேறு எஞ்சினில் ஓட வேண்டும். எண்கள் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு வண்டியைத் தாழ்வாக நினைக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. பொருந்தாததை மறைத்து எண்ணை மாற்றிப் பொறிப்பதுதான் குற்றம்.

படி 1: எதையும் சுத்தம் செய்யாதீர்கள்

தூசி தட்டும் ஆசையை அடக்குங்கள். உப்புத்தாள், கம்பி பிரஷ், பாலிஷ் எதுவும் வேண்டாம். வண்டியை இருக்கிற நிலையிலேயே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பிறகு எண்களைத் தேடுங்கள். எஞ்சின் எண் கிராங்க் கேஸின் இடது பக்கம், சிலிண்டருக்குக் கீழே இருக்கும். 'ஃபெதர்பெட்' எனப்படும் நார்ட்டன் சேஸிஸின் எண் இடது பக்கத்தில், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் இணையும் இடத்துக்கு அருகிலுள்ள தகட்டில் இருக்கும். ஃபெதர்பெட் காலத்து 500 சி.சி. வண்டிக்கு 10எம், 350க்கு 11எம் என்று எண்ணின் முன்பகுதி வரும்.

எண்ணை நேராக டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில், பரப்பை உரசுவதுபோலப் பிடியுங்கள். பள்ளங்கள் நிழலாக எழுந்து நிற்கும். கொஞ்சம் முகப்பவுடரைத் தடவித் துடைத்தால் வெள்ளை எழுத்தாகவே படிக்கலாம். தொழிற்சாலையில் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி இரும்பு அச்சு வைத்து, சுத்தியலால் அடித்தார்கள். அதனால் வரிசை சற்று ஏறி இறங்கி இருப்பது இயல்பு. கவலைப்பட வேண்டியது வேறு: எண்ணைச் சுற்றியுள்ள பரப்பு மட்டும் வழவழப்பாக, சற்றே குழிந்து இருக்கிறதா? வார்ப்பின் சொரசொரப்பு அங்கே மட்டும் காணாமல் போயிருக்கிறதா? அப்படியானால் பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருக்க வாய்ப்புண்டு.

கீழே குனிந்து கிராங்க் கேஸின் அடிப்பாகத்தையும் பாருங்கள். இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில், ஒவ்வொரு பாதியிலும் ஒரு சிறிய எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அவை பிறந்ததிலிருந்து ஒன்றாக இருந்த ஜோடி. வெவ்வேறாக இருந்தால் ஒரு பாதி எப்போதோ உடைந்து மாற்றப்பட்டிருக்கிறது. மேங்ஸின் கிராங்க் கேஸ் மெக்னீசியம் கலப்பு உலோகம். எடை குறைவு, ஆனால் காலப்போக்கில் அரித்துப்போகும். மாற்றியதில் ஆச்சரியம் இல்லை. குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

படி 2: சொல்லப்படும் ஆண்டோடு இரும்பு ஒத்துப்போகிறதா?

ஆவணங்களைத் தேடி அலைவதற்கு முன் வண்டியையே விசாரியுங்கள். பல பொய்க் கதைகள் இங்கேயே உதிர்ந்துவிடும்.

தனியார் வாங்கும் மேங்ஸுக்கு ஃபெதர்பெட் சேஸிஸ் 1951இல்தான் வந்தது. பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்த இது, 1950இல் தொழிற்சாலை அணியின் வண்டிகளில் முதலில் ஓடியது. ஆகவே ஃபெதர்பெட்டில் நிற்கும் '1949 மேங்ஸ்' என்றால் எஞ்சினோ சேஸிஸோ, ஏதோ ஒன்று வேறு வீட்டுப் பிள்ளை. ஆரம்ப காலச் சேஸிஸில் பின்பகுதி போல்ட் போட்டு மாட்டியிருக்கும். பின்னர் வந்தவற்றில் வெல்டிங் செய்திருக்கும். 1960இல் சாலை வண்டிகளுக்கு இருக்கைப் பக்கம் ஒடுக்கிய 'ஸ்லிம்லைன்' சேஸிஸ் வந்தது. மேங்ஸ் கடைசிவரை பழைய அகலமான வடிவத்திலேயே இருந்தது. ஸ்லிம்லைனில் நிற்கும் மேங்ஸைப் பார்த்தால், சேஸிஸ் சாலை வண்டியிலிருந்து வந்தது என்று தயங்காமல் எழுதிக்கொள்ளலாம்.

எஞ்சினைப் பிரிக்கும் வாய்ப்புக் கிடைத்தால் அளந்துவிடுங்கள். 1953 வரை 500 சி.சி. எஞ்சினின் உள்விட்டம் 79.62 மி.மீ., பிஸ்டன் பயணம் 100 மி.மீ. 1954இல் அது 86க்கு 85.6 மி.மீ. என்று மாறியது. 350 சி.சி. எஞ்சின் 71க்கு 88 மி.மீ.யிலிருந்து 76க்கு 76.7 மி.மீ. ஆனது. 500 சி.சி. எஞ்சினின் பிஸ்டன் பயணத்தில் 14 மி.மீ.க்கும் மேல் வித்தியாசம். ஸ்கேல் வைத்தாலே தெரியும்.

நம்பர் பிளேட்டை மறந்துவிடாதீர்கள். 500 சி.சி. பந்தயத்தில் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எண், 350இல் நீலப் பின்னணியில் வெள்ளை எண் என்பது கிராண்ட் பிரி வழக்கம். பெயின்ட் உரிந்த ஒரு மூலையில், மஞ்சளுக்கு அடியில் நீலம் எட்டிப் பார்த்தால் அந்தத் தகடு முன்பு 350இல் ஓடியிருக்கிறது. ஒரு வீரர் இரண்டு வகுப்புக்கும் ஒரே சேஸிஸில் எஞ்சினை மாற்றி மாற்றி ஓட்டியிருக்கலாம். இதுபோன்ற அடுக்குகளுக்காகத்தான் முதல் படியில் உப்புத்தாள் வேண்டாம் என்றேன்.

படி 3: தொழிற்சாலைப் பேரேடு

நார்ட்டன் வண்டிகளுக்குத் தொழிற்சாலைப் பதிவுகளைப் பார்த்துச் சொல்லும் வசதி நார்ட்டன் ஓனர்ஸ் கிளப்பில் உண்டு. 1946இல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பும் பர்ட்டன் அப்பான் ட்ரென்ட் நகரில் நூலகமும் ஆவணக் காப்பகமும் வைத்திருக்கிறது. எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் தனித்தனியாக எழுதி, படங்களோடு அனுப்புங்கள். விற்பனையாளர் சொன்ன கதையைக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். "இந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள்.

பேரேட்டில் வண்டி அனுப்பப்பட்ட தேதியும், பெற்றுக்கொண்ட வியாபாரியின் பெயரோ ஊரோ நாடோ கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் ஓட்டிய வீரரின் பெயர் இருக்காது. ஏமாற்றம் வேண்டாம். தேதியும் வியாபாரியும் கிடைத்துவிட்டால் கயிற்றின் ஒரு முனை கையில் இருக்கிறது.

படி 4: வியாபாரியிலிருந்து வீரருக்கு

இங்கேதான் பொறுமை சோதிக்கப்படும். பந்தய முடிவுகளில் வீரர் பெயர், வண்டியின் பெயர், நேரம், வேகம் எல்லாம் இருக்கும். எஞ்சின் எண் மட்டும் இருக்காது. ஆகவே, வண்டியை நேராகத் தேட முடியாது. மனிதரைத்தான் தேட வேண்டும்.

பேரேட்டில் கண்ட வியாபாரி எந்த ஊர்? அந்த வட்டாரத்தில் அந்த ஆண்டு புது நார்ட்டனோடு பந்தயத்துக்கு வந்தவர்கள் யார் யார்? மேன் தீவின் டி.டி. பந்தயங்களுக்கும் மேங்ஸ் கிராண்ட் பிரிக்கும் பழைய முடிவுகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. அக்கால வார இதழ்களான 'தி மோட்டார் சைக்கிள்', 'மோட்டார் சைக்கிளிங்' இரண்டும் சிறிய பந்தயங்களைக்கூட விடாமல் எழுதின. அவற்றின் பின்பக்க வரி விளம்பரங்களைக் கட்டாயம் பாருங்கள். பருவம் முடிந்ததும் வீரர்கள் வண்டியை விற்க விளம்பரம் கொடுப்பார்கள். என்னென்ன மாற்றினோம், எந்தப் பந்தயத்தில் என்ன இடம் என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். அடுத்த உரிமையாளருக்கான வழி அங்கிருந்து திறக்கும்.

"தொழிற்சாலை அணியின் வண்டி" என்று யாராவது சொன்னால் ஆண்டைக் கேளுங்கள். 1954 முடிவில் நார்ட்டன் தன் முழு அளவிலான தொழிற்சாலை அணியை நிறுத்திவிட்டது. 1959இல் அணி வீரர் ஓட்டிய சிறப்பு மேங்ஸ் என்பதுபோன்ற கதைக்கு மிக வலுவான சான்று வேண்டும். அதைவிட நம்பத்தக்கவை ட்யூனர்களோடு, அதாவது எஞ்சினைப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் நிபுணர்களோடு, தொடர்புள்ள கதைகள். பிரான்சிஸ் பியர்ட், ஸ்டீவ் லான்ஸ்ஃபீல்ட் போன்றவர்கள் தயார் செய்த எஞ்சின்கள் அக்காலத்தில் தனி மதிப்புப் பெற்றவை. 1960 சீனியர் டி.டி.யில் டெரெக் மின்டர் ஒற்றை சிலிண்டர் வண்டியில் முதன்முதலாக மணிக்கு 100 மைல் சராசரியில் ஒரு சுற்றை முடித்தது லான்ஸ்ஃபீல்ட் தயாரித்த நார்ட்டனில். ட்யூனரின் பட்டறை நோட்டு எங்காவது பிழைத்திருந்தால், எஞ்சின் எண்ணையும் வீரரின் பெயரையும் ஒரே வரியில் பார்க்கும் பேறு கிடைக்கலாம்.

படி 5: புகைப்படத்தோடு பொருத்துதல்

பழைய படம் கிடைத்ததும் ஒப்பிட வேண்டியவை வண்டியின் வடுக்கள். எல்லா மேங்ஸும் வெள்ளி நிற டேங்கோடு ஒரே சாயலில் இருக்கும். ஆனால் எடையைக் குறைக்க ஒருவர் துளைத்த துளைகள், எண்ணெய் டேங்கின் மூச்சுக்குழாய் திரும்பும் விதம், ஃபேரிங்கை (காற்றின் தடையைக் குறைக்கும் மூடியை) தாங்கக் கையால் செய்த பிராக்கெட், ஒட்டுப்போட்ட வெல்டிங் ஆகியவை இன்னொரு வண்டியில் அப்படியே இருக்காது. குறைந்தது மூன்று அடையாளங்களாவது ஒத்துப்போகாமல் "இதே வண்டிதான்" என்று நான் எழுத மாட்டேன். டேங்க், ஃபேரிங், இருக்கை ஆகியவை எளிதில் கழன்று இன்னொரு வண்டிக்குப் போகும் பொருள்கள். அவற்றில் கண்ட ஒற்றுமைக்கு அரை மதிப்பெண்தான்.

படத்தின் ஆண்டு தெரியவில்லையா? முன்சக்கரத்தையே மூடும் 'டஸ்ட்பின்' ஃபேரிங் தெரிந்தால், கிராண்ட் பிரி பந்தயங்களைப் பொறுத்தவரை படம் 1957க்குப் பிந்தையது அல்ல. 1958 முதல் அதற்குத் தடை.

படி 6: பெரியவர்களிடம் கேட்பது

பழைய வீரர்களும் மெக்கானிக்குகளும் சிலர் இன்னும் இருக்கிறார்கள். இல்லாதவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்கும் முறைதான் முக்கியம். உங்கள் வண்டியின் படத்தைக் காட்டி "இது உங்களுடையதா?" என்று கேட்டுவிட்டால் காரியம் கெட்டது. அன்பான மனிதர் "ஆமாம்" என்றே சொல்லிவிடுவார், அவரும் அதை நம்பிவிடுவார். முதலில் படம் காட்டாமல் கேளுங்கள்: உங்கள் வண்டியில் நீங்கள் என்ன மாற்றினீர்கள்? எங்கே விழுந்தீர்கள், எது வளைந்தது? யாருக்கு விற்றீர்கள்? சொன்னதைத் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொன்ன வெல்டிங் நீங்கள் பார்த்த இடத்திலேயே இருந்தால், அதன் பிறகு படத்தை நீட்டுங்கள்.

படி 7: ஏலப் பட்டியல்கள்

இது சீக்கிரம் முடியும் வேலை. பெரிய ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பட்டியல்கள் இணையத்தில் இருக்கின்றன. அவற்றில் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் அச்சாகியிருக்கும். உங்கள் எண்ணை இடைவெளியோடும் இல்லாமலும் தேடிப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் இதே எஞ்சின் வேறு சேஸிஸில் விற்பனைக்கு வந்திருந்தால் இங்கே தெரிந்துவிடும். இன்று மேங்ஸுக்குப் புதிய கிராங்க் கேஸ் முதல் முழு வண்டி வரை செய்து தருகிறார்கள். அவை அருமையான வண்டிகள்; பந்தயத்தில் ஓட்ட அவைதான் பாதுகாப்பு. ஆனால் அவற்றின் பூர்வீகம் வேறு.

படி 8: வண்டியின் ஆவணக் கோப்பு எழுதுவது

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே மூன்றில் ஒரு சொல்லை எழுதுங்கள்: உறுதி, சாத்தியம், வாய்மொழி. பேரேட்டில் கண்டது உறுதி. அதே வட்டாரத்தில் அதே ஆண்டு ஒரு வீரர் புது மேங்ஸ் ஓட்டினார் என்பது சாத்தியம். விற்றவர் சொன்னது வாய்மொழி. வாய்மொழியை அழிக்க வேண்டாம், ஆனால் உறுதியோடு கலந்து எழுதவும் வேண்டாம்.

முடிவில் ஒரு பத்தி எழுதினால் இப்படி இருக்கலாம்: "சேஸிஸ் இந்தத் தேதியில் இந்த வியாபாரிக்குச் சென்றது. எஞ்சின் வேறொரு வண்டியில் பிறந்தது. இரண்டும் சேர்ந்த ஆண்டு தெரியவில்லை. இன்னார் ஓட்டியதாக முந்தைய உரிமையாளர் சொன்னார். இதுவரை சான்று இல்லை." கேட்பவருக்கு இது சப்பென்று தோன்றலாம். ஆனால் இப்படி எழுதிய கோப்பை யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது. விவரம் தெரிந்தவர் மதிப்பதும் இதைத்தான்.

கோப்பின் ஒரு பிரதியை கிளப்பின் பதிவாளருக்கு அனுப்பிவையுங்கள். உங்கள் சேஸிஸின் சொந்த எஞ்சினை வைத்திருப்பவர் ஏதோ ஒரு நாட்டில் அதே எண்ணைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும். இருவரின் கடிதங்களும் சேருவது அந்தப் பதிவாளரின் மேசையில்தான்.