பேய்க்கணவாய்க்குத் (ஆக்டோபஸ்) தொட்டி வைக்கிறீர்களா?

முதல் வேலை மூடிதான். எலும்பே இல்லாத உடம்பு. அதன் வாயிலுள்ள கெட்டியான அலகு நுழைகிற இடைவெளி இருந்தால் போதும், முழுசாக வெளியே வந்துவிடும். பம்ப் ஒயருக்காக நான் விரலளவு ஓட்டை விட்டிருந்தேன். ஒரு விடியற்காலையில் அது சமையலறை வாசலில் தூசி ஒட்டிக் கிடந்தது. கையை நனைத்துக்கொண்டு அள்ளி உள்ளே விட்டேன், பிழைத்துக்கொண்டது. இப்போது எல்லா ஓட்டையிலும் ஸ்பாஞ்ச், நான்கு பக்கமும் கிளிப்.

சின்ன வகைக்கே 200 லிட்டர் தொட்டி வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பு கலந்து அடர்த்தியை 1.025-இல் நிறுத்துங்கள். மூன்று மாதமாவது அது இல்லாமலே தொட்டி ஓடட்டும். தண்ணீரில் சேரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் ஆகாமல் அதைக் கொண்டுவராதீர்கள். செம்பு அறவே ஆகாது. மீனுக்குச் செம்பு மருந்து ஊற்றிய பழைய தொட்டி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சென்னை வெயிலுக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் கட்டாயம், 25 டிகிரி. கழிவு அதிகம் என்பதால், அதை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் பெரிதாக இருக்கட்டும். கூட மீன் விடாதீர்கள், தின்றுவிடும்.

சாப்பாட்டுக்கு உயிர் நண்டு. சில நாள் அதைத் திருகுமூடி பாட்டிலில் போட்டுக் கொடுப்பேன். முதலில் ஒரு கை மெல்ல மூடியைத் தடவும், உடம்பு செம்பழுப்பாகும், பிறகு முழுசாகப் போர்த்திக்கொண்டு திருகும். அதற்கு இந்த மாதிரி வேலை தினமும் வேண்டும்.

நீல வளையம் உள்ள வகையைத் தொடவே தொடாதீர்கள். அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது.

பெரும்பாலான சின்ன வகைகளுக்கு ஆயுள் ஒரு வருஷம்தான். அதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.