பழைய பீங்கான் பிஸ்கட் ஜாடி: அரிய வகையை இனங்காணும் முறை

வடசென்னைக்குப் பழைய பீங்கான் பிஸ்கட் ஜாடிகள் இரண்டு வழியாக வந்து சேர்ந்திருக்கின்றன. பெரம்பூரிலும் இராயபுரத்திலும் குடியிருந்து இரயில்வேயிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், ஆஸ்திரேலியாவுக்கோ இங்கிலாந்துக்கோ புறப்படும்போது விற்றுவிட்டுப் போன தட்டுமுட்டுச் சாமான்களில் கிடைத்தவை ஒரு வகை. இவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்திலும் ஜப்பானிலும் செய்யப்பட்டவை. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவையும் இணைய ஏலத்தில் எடுத்து வரவழைத்தவையும் இன்னொரு வகை. பன்றி, பசு, பாதிரியார், சிவப்பு முக்காட்டுச் சிறுமி என்று உருவம் கொண்ட அமெரிக்கக் குக்கி ஜாடிகள் இவை. அரியது எது, சாதாரணமானது எது என்று பிரித்தறியும் முறை இரண்டு வகைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த ஜாடிகள் கைவினைஞர் ஒருவர் ஒன்றே ஒன்றாகச் செய்தவை அல்ல. பெரும்பாலும் பிளாஸ்டர் அச்சில் களிமண் குழம்பை ஊற்றி ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்டவை. அப்படிப்பட்ட கூட்டத்தில் நிறத்திலோ, தங்க ஓரத்திலோ, அச்சின் ஏதாவது ஓர் உறுப்பிலோ மாறி வெளிவந்த சொற்பமானவற்றையே சேகரிப்பவர்கள் அரிய வகை என்கிறார்கள். ஆகவே வேறுபாடு கண்ணில் பட்டவுடன் மகிழ்ந்துவிடாமல், அது சூளைக்குள் பிறந்த வேறுபாடா, சூளையை விட்டு வெளியே வந்தபின் யாரோ ஒருவர் உண்டாக்கிய வேறுபாடா என்று கேட்க வேண்டும். கீழே சொல்லப்படும் சோதனைகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுபவையே.

முதலில் சாதாரண வகையை மனப்பாடம் செய்யுங்கள்

அரியதை அறிய எளிதில் கிடைப்பதைத்தான் முதலில் அறிய வேண்டும். ஒஹாயோ மாநிலத்தின் ஜேன்ஸ்வில்லில் 1937 முதல் 1961 வரை இயங்கிய ஷானி நிறுவனத்தின் ஸ்மைலி என்ற பன்றி ஜாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துக் குட்டையின் நிறமும் உடம்பில் வரைந்த பூவும் மாறி மாறி வரும். குட்டை மட்டும் நீலமாகவோ சிவப்பாகவோ இருந்து உடம்பு வெறுமையாக இருப்பது பரவலாகக் கிடைப்பது. தங்க ஓரம் தீட்டி, பூப்படம் ஒட்டிச் சுட்டெடுத்தது மதிப்பில் பல மடங்கு மேலே நிற்பது. தலையில் உண்டியல் துளையும் அடிப்பாகத்தில் பழுப்பு நிறமும் கொண்டு, அடியில் 60 என்ற எண்ணோடு வருவது தனி வார்ப்பு. அதன் ஜோடியான வின்னி என்ற பெண் பன்றிக்கு 61.

ரெட் விங் நிறுவனத்தின் பாதிரியார் ஜாடியில் மஞ்சளும் நீலமும் எளிதில் அகப்படும், பச்சை அரிது. பிரஷ் நிறுவனத்தின் பசு ஜாடி, முதுகில் படுத்திருக்கும் பூனையே மூடியின் பிடியாக அமைந்தது. அது பழுப்பு நிறத்தில் வருவது வழக்கம், ஊதா நிறப் பசு அபூர்வம். ஹல் நிறுவனத்தின் பெயரில் 1943இல் தொடங்கி வந்த சிவப்பு முக்காட்டுச் சிறுமியில் கூடையின் வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதும், பாவாடையில் எந்தப் பூ ஒட்டப்பட்டிருக்கிறது என்பதும் வகையைத் தீர்மானிக்கின்றன.

ஆங்கிலேய ஜாடிகளில் வெட்ஜ்வுட் நிறுவனத்தின் ஜாஸ்பர் வகை நம் பக்கத்தில் அவ்வப்போது தலைகாட்டும். மெருகு, அதாவது சூளையில் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சு, இல்லாத மங்கிய நீலப் பரப்பில் வெள்ளைப் புடைப்புருவங்களும், வெள்ளி முலாம் பூசிய மூடியும் கைப்பிடியும் கொண்டது அதன் சாதாரண வடிவம். மூன்று நிறங்கள் சேர்ந்தது அதைவிட அரிது. கருஞ்சிவப்பு ஜாஸ்பரோ இன்னும் அரிது. சுடும்போது அந்தச் சாயம் வெள்ளை உருவங்களுக்குள் கசிந்துவிட்டதால் அது சொற்ப காலமே செய்யப்பட்டது. அதனால்தான் உண்மையான கருஞ்சிவப்பு ஜாடியின் வெள்ளை உருவங்களில் இலேசான ரோஜா நிறம் ஏறியிருப்பதைக் காணலாம். அதைக் குறை என்று எண்ணி விலையைக் குறைத்துக் கேட்பவர் அதிர்ஷ்டசாலி. குறை என்று எண்ணி வாங்காமல் போகிறவர் பாவம்.

வண்ணம் எந்த அடுக்கில் இருக்கிறது

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பீங்கானில் வண்ணம் மூன்று இடங்களில் இருக்கலாம். மெருகுக்கு அடியில் இருப்பது களிமண்ணோடு சேர்ந்து வெந்தது. நகத்தால் சுரண்டினாலும் தட்டுப்படாது. மெருகுக்கு மேலே தீட்டி மறுபடியும் குறைந்த வெப்பத்தில் சுட்டது இரண்டாவது. தங்க ஓரமும் பெரும்பாலான பூப்படங்களும் இப்படி 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் அளவில் சுடப்பட்டவை. மூன்றாவது, சுடாமலே தூரிகையால் பூசிவிட்ட சாதாரணப் பெயிண்ட். மக்காய், அமெரிக்கன் பிஸ்க் போன்ற நிறுவனங்களே செலவைக் குறைக்க இந்த மூன்றாவது முறையைப் பயன்படுத்தியிருப்பதால், பெயிண்ட் இருப்பதாலேயே ஜாடி போலி என்று முடிவு கட்ட முடியாது. மாறாக, எழுபது எண்பது ஆண்டுகள் சமையலறையில் புழங்கிய ஜாடியில் அந்தப் பெயிண்ட் மூக்கிலும் மூடிப்பிடியிலும் சற்றும் தேயாமல் பளபளத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

தங்கத்தைப் பார்க்கப் பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். தங்கசாலைத் தெருவில் நகைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் அதே கண்ணாடிதான். ஸ்மைலியின் காதோரத்தில் அதை வைத்துப் பாருங்கள். சுட்ட தங்கத்துக்குத் தடிமன் என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. தூரிகை தொடங்கிய இடத்திலும் விட்ட இடத்திலும் படலம் மெலிந்து, இலேசான ஊதாவோ பழுப்போ கலந்த சாயலாக மெருகில் கரைந்திருக்கும். தேய்ந்த இடத்தில் அது செதில் செதிலாக உரியாமல், கண்ணுக்குத் தெரியாமல் மங்கிப்போயிருக்கும். பின்னாளில் பூசிய தங்கப் பெயிண்டோ பொடிப்பொடியாக மின்னும் உலோகத் துகள்களைக் காட்டும். பள்ளமான இடங்களில் தேங்கி நிற்கும். ஓரத்தில் நகம் இடறும். நாளாவட்டத்தில் பச்சை பூக்கவும் செய்யும்.

மெருகில் வலைப்பின்னலாக ஓடும் நுண்விரிசல்களும் சாட்சி சொல்லும். பல ஆண்டுகள் கழித்து உண்டாகும் அந்த விரிசலுக்குள் வண்ணம் இறங்கியிருந்தாலோ, விரிசலின்மேல் பாலம் கட்டியதுபோல் படிந்திருந்தாலோ, விரிசல் விழுந்த பிறகுதான் யாரோ வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். நகப்பூச்சு அகற்றும் திரவத்தைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, கண்ணில் படாத ஓரிடத்தில் மெல்ல ஒற்றிப் பார்ப்பதும் உண்டு. சுட்ட வண்ணம் அசையாது, சுடாதது பஞ்சில் ஏறும். ஆனால் நிறுவனமே பூசிய அசல் பெயிண்டும் இதில் கரைந்து போகுமாதலால், உங்களுக்குச் சொந்தமாகாத ஜாடியில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. காயலான் கடைக்காரர் "பரவாயில்லை சார், தொடச்சிப் பாருங்க" என்று சொன்னாலும் கூடாது.

நகலை அளவு காட்டிக் கொடுக்கும்

ஓவியர் ஆண்டி வார்ஹால் மறைந்தபின் 1988இல் அவருடைய குக்கி ஜாடிகளை நியூயார்க்கில் சோதபீஸ் நிறுவனம் ஏலம் விட்டபோது, அவை மொத்தமாக ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலருக்குப் போயின. அந்த விலை இத்துறையில் ஆசையைத் தூண்டியது; ஆசைக்குப் பின்னால் நகல்களும் வந்தன. நகல் எடுப்பவர் பெரும்பாலும் அசல் ஜாடியையே வைத்து அச்சு எடுக்கிறார். களிமண் காயும்போதும் வேகும்போதும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை சுருங்குவதால், அப்படிப் பிறந்த ஜாடி அசலைவிடக் கட்டாயம் சிறியதாக இருக்கும். ஸ்மைலியின் உயரம் ஏறத்தாழ 11 அங்குலம்; அது பத்தரைக்குக் கீழே நின்றால் முத்திரையைப் படிக்கும் சிரமமே வேண்டாம். ஆனால் கால் அங்குல வேறுபாடு எதையும் நிரூபிக்காது, ஒரே தொழிற்சாலையின் வெவ்வேறு அச்சுகளுக்குள்ளேயே அவ்வளவு மாறுபாடு உண்டு. தையல்காரர் நாடாவைக்கொண்டு வளைவின்மேல் அளக்காமல், ஜாடியைச் சமமான மேசையில் வைத்து, தலைமேல் ஒரு தட்டையான பலகையைக் கிடத்தி, பலகைக்கும் மேசைக்கும் இடையிலுள்ள உயரத்தை அளக்க வேண்டும்.

நகலில் கூர்மையும் குறையும். கண்ணிமை, பொத்தான், பூவிதழ் போன்ற நுண்ணிய இடங்கள் சோப்புக் கட்டிபோல் மழுங்கியிருக்கும். முத்திரையும் அப்படியே மழுங்கிப் பதிந்திருக்கும், அல்லது புதிதாகக் கீறியதாக இருக்கும். மக்காய் பெயர் பொறித்த, கறுப்பினச் சமையற்காரியின் உருவம் கொண்ட ஜாடிக்குத்தான் நகல் மிகுதி. வெள்ளை அங்கியில் வருவது சாதாரணம், மஞ்சளிலும் வெளிர்நீலப் பச்சையிலும் வருவது அரிது என்பதால் நகலெடுப்போரின் கண் அந்த நிறங்கள்மேல்தான். அந்த உருவமே ஒரு மக்கட்கூட்டத்தைக் கேலி செய்யும் சித்திரம் என்பதால், அதை வீட்டில் வைக்கவே தயங்கும் சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான்.

முத்திரை இல்லாமை போலிக்கு அடையாளமில்லை. அமெரிக்கன் பிஸ்க் ஜாடிகள் பலவற்றில் யு.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்துக்குமேல் எதுவும் இராது; ஜாடியின் அடியில் மெருகு படாத ஆப்பு வடிவத் தாங்கிகள் இருப்பதே அதன் அடையாளம். அதேபோல், சிவப்பு முக்காட்டுச் சிறுமியின் அடியில் 135889 என்ற வடிவமைப்புக் காப்புரிமை எண் இருப்பதால் மட்டும் அது அசலாகிவிடாது. அச்சு எடுத்தவருக்கு அந்த எண்ணும் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

சென்னையில் கிடைத்த ஜாடிக்குத் தனிக் கணக்கு

அமெரிக்க வழிகாட்டி நூல்களை அப்படியே பின்பற்றினால் ஓர் இடத்தில் இடறும். நாட்டின் பெயர் முத்திரையில் இல்லையென்றால் ஜாடி 1891க்கு முற்பட்டது என்று அவை சொல்லும். அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் வற்புறுத்தியதே அதற்குக் காரணம். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய சரக்குக்கு அந்தச் சட்டத்தோடு சம்பந்தமில்லை. ஆதலால் இங்கே கிடைக்கும் ஜப்பானிய ஜாடியில் நிப்பான் என்றோ ஜப்பான் என்றோ எழுத்து இல்லாததை மட்டும் வைத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று சொல்லிவிட முடியாது. எழுத்து இருந்தாலோ அது பயன்படும்: நிப்பான் என்பது பொதுவாக 1921 வரை, அதன்பின் ஜப்பான், ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது என்ற வாசகம் 1947 முதல் 1952 வரை. வெட்ஜ்வுட் (Wedgwood) என்ற ஆங்கிலப் பெயரின் நடுவே கூடுதலாக ஓர் e நுழைந்திருந்தாலும், பெயருக்குப் பின்னால் அண்ட் கோ என்று இருந்தாலும் அது வேறு நிறுவனத்தின் சரக்கு.

நம் வீடுகளில் இந்த ஜாடிகள் பிஸ்கட்டைவிட அதிகமாகக் கல்லுப்பையும் புளியையும் எலுமிச்சை ஊறுகாயையும் சுமந்திருக்கின்றன. புளிப்பு மெருகுக்கு மேலுள்ள வண்ணத்தை அரித்துவிடும்; உப்பு நுண்விரிசல் வழியாகக் களிமண்ணுக்குள் இறங்கி, ஈரக்காற்று அடிக்கும் மாதங்களில் வெள்ளையாகப் பூத்து, மெருகை உள்ளிருந்தே தள்ளும். உள்வாய் ஓரத்தில் மட்டும் தங்கம் அழிந்து வெளிப்பக்கம் நன்றாக இருந்தால், அது ஊறுகாய் செய்த வேலை. போலிக்கு அறிகுறி ஆகாது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து வீடுகளில் இருந்த ஜாடிகளில் உலோக மூடியின் வெள்ளி முலாம் கடற்காற்றில் போய் அடியிலுள்ள உலோகம் தெரிவது இயல்பு. அங்கிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஜாடியில் மூடி மட்டும் பளிச்சென்று இருந்தால், பின்னால் முலாம் போடப்பட்டதா, வேறு ஜாடியின் மூடியா என்று கேளுங்கள்.

மூடி மாற்றம் உருவ ஜாடிகளில் இன்னும் அதிகம், ஏனெனில் உடைவது பெரும்பாலும் மூடிதான். மூடியையும் ஜாடியையும் கவிழ்த்து, மெருகு படாத விளிம்புகளை அருகருகே வைத்துப் பகல் வெளிச்சத்தில் களிமண்ணின் நிறத்தை ஒப்பிடுங்கள்; ஒன்று வெள்ளையாகவும் மற்றொன்று சந்தன நிறமாகவும் இருந்தால் அவை ஒரே நாளில் பிறந்தவை அல்ல. தலைக்கும் உடம்புக்கும் பொதுவான கோடு, குட்டையின் மடிப்பு போன்றவை தடையின்றித் தொடர வேண்டும்.

அடிவளையத்துத் தேய்மானத்தைப் பாருங்கள். கடப்பைக் கல் அலமாரியில் பல்லாண்டு இழுபட்ட ஜாடியின் அடியில் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடி, அழுக்கு உள்ளிறங்கி இருக்கும். உப்புத்தாளால் தேய்த்த கீறல்கள் ஒரே திசையில், ஒரே ஆழத்தில், வெளுத்திருக்கும். ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்க விரல் மடக்கித் தட்டினால், நல்ல ஜாடி கணீரென்றும் விரிசல் விட்டது தொப்பென்றும் ஒலிக்கும். பர்மா பஜாரில் கிடைக்கும் கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் பிடித்தால், பசையும் மறுபூச்சும் சுற்றியுள்ள மெருகிலிருந்து வேறு நிறமாக ஒளிரும். 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா விளக்கு கிடைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இவ்வளவும் பார்த்தபின் அரியது என்று தோன்றும் ஜாடியை வெந்நீரில் போடாமல், சுரண்டாமல், முதலில் படம் எடுங்கள்: முன்புறம், பின்புறம், அடிப்பாகம், முத்திரை, மூடியின் உட்புறம், அளவுகோல் வைத்த உயரம். 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் வாரிசாக அல்லிக்குளத்தில் இருக்கும் கடைகளில் வாங்கியதா, யாருடைய வீட்டிலிருந்தாவது வந்ததா என்பதையும் தேதியோடு எழுதி வையுங்கள். நூறாண்டைக் கடந்த பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும் என்பதால், பழைய வெட்ஜ்வுட் ஜாடியை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்ப நினைப்பவர்கள், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பிறகே கூரியரில் சேர்க்க வேண்டும்.